ஏழாம் எண்ணை விட மெதுவானவர்கள்

ஃபாத்திக் ஊர் நடுநிலைப் பள்ளியின் ஆங்கில மன்றத்தில் இரண்டு வாரமாக ஒரு சட்டம் அமலில் இருந்தது. யேரோ கானை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. செய்தால் ஒரு வாரம் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

சட்டம் போட்டவர் ஆங்கில ஆசிரியர் தியாத்தா சார். காரணம் ஒரு பிளக்.

மன்றம் புதன்கிழமை மதியம் கணினி அறையில் கூடும். இருபது பிள்ளைகள், பத்துக் கணினிகள். ஒரு பெட்டிக்கு இருவர். யேரோ வடக்கே ஆற்றங்கரை ஊரான பொதோரிலிருந்து வந்து மன்றத்தில் உட்கார்ந்த முதல் நாளிலேயே அது நடந்தது. அவன் அப்பா வேலைக்காக வெளிநாடு போனதால், ஃபாத்திக்கில் தையல் கடை வைத்திருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். அவன் அதற்கு முன் கணினியைத் தொட்டதில்லை.

"எல்லாரும் பெட்டிய அணைங்க" என்றார் சார்.

எதை அணைப்பது என்று யேரோ சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரோரம் ஒரு பெரிய பிளக் தெரிந்தது. போய்ப் பிடுங்கினான். பத்துப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் இருண்டன. யாரும் எதையும் சேமித்து வைத்திருக்கவில்லை. நாற்பது நிமிடம் கஷ்டப்பட்டு அடித்த ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் போயே போய்விட்டன.

பிள்ளைகள் முதலில் கத்தினார்கள். பிறகு சிரித்தார்கள். அப்புறம் அவனுக்கு 'மின்வெட்டு' என்று பெயரும் வைத்தார்கள். யேரோ கையில் பிளக்கோடு சுவரைப் பார்த்து நின்றான். அப்போதுதான் சார் மேசையைத் தட்டிச் சட்டத்தைப் போட்டார்.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். எது கிண்டல், எது கிண்டல் இல்லை என்று யார் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பது? எதற்கு வம்பு என்று அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். பேசினாலும் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினார்கள்.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டவள் ஞிலான் ஃபாய்.

ஃபாய் என்றால் செரேர் இனத்துக் குடும்பம். கான் என்றால் துகுலோர் இனத்துக் குடும்பம். அந்த ஊரில் செரேர்காரரும் துகுலோர்காரரும் எதிரெதிரே வந்தால், ஒருவரை ஒருவர் நன்றாக வாரிவிட்டுத்தான் போக வேண்டும். பதிலுக்கு மற்றவரும் வார வேண்டும். கோபப்படக் கூடாது. ஞிலானின் அப்பா தினமும் காலையில் தபால்காரர் கானைத் திருடன், சோம்பேறி, சாப்பாட்டு ராமன் என்றெல்லாம் வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் கடிதத்தை வாங்குவார். தபால்காரரும் சும்மா போக மாட்டார். ஒரு நாள் அவர் திட்டாமல் போனதற்கு, உடம்புக்கு என்னவோ என்று அப்பா அவர் வீட்டுக்கே பார்க்கப் போய்விட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண், கான் வீட்டுப் பையன் பக்கத்திலேயே இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்தாள். "வணக்கம்", "கொஞ்சம் தள்ளிக்கிறியா", "நன்றி." இவ்வளவுதான் சொல்லியிருந்தாள். நாக்கு அரித்தது. ஆனாலும் பாவம், புதுப் பையன் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது புதன்கிழமை சார் ஒரு கெட்ட செய்தி சொன்னார்.

"பத்தாம் நம்பர் பெட்டி போயிடுச்சு. உள்ள பல்லி புகுந்திருக்கு. இனி ஒன்பதுதான்."

"பத்து ஜோடி இருக்கோமே சார்?" என்றாள் ஞிலான்.

"அதுக்குத்தான் வர்றேன். அடுத்த புதன்கிழமை ஒவ்வொரு ஜோடியும் முன்னால வந்து நின்னு பேசணும். நம்ம பெட்டிகள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பத்து இங்கிலீஷ் வாக்கியம். ஆளுக்கு அஞ்சு. ஸ்லோ, ஸ்லோவர், ஸ்லோவஸ்ட். ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். புரியுதா? யாரு ரொம்பக் கம்மியா வாக்கியம் சொல்றாங்களோ, அந்த ஜோடிக்கு இந்தப் பருவம் முழுக்க அட்டை."

அட்டை என்றால் விசைப்பலகையை வரைந்த அட்டை. எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். அழுத்தினால் எதுவும் வராது. அட்டைதான் கொஞ்சம் குழியும்.

மன்றத்தில் இடம் கிடைக்க ஞிலான் ஒரு வருடம் காத்திருந்தவள். தான் அழுத்திய எழுத்து திரையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்கு ஏற்படும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. அதை விட்டுவிட்டு அட்டையைத் தட்ட அவளால் முடியாது.

அன்றே மளமளவென்று பத்து வாக்கியங்களை எழுதி, ஐந்தை யேரோவிடம் கொடுத்தாள்.

"அஞ்சு நீ, அஞ்சு நான். சரியா? படி பாக்கலாம்."

யேரோ தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேக்கல."

மறுபடி உதடு அசைந்தது.

'இதைவிட எறும்பு சத்தமா பேசும்' என்று சொல்ல அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டம் ஞாபகம் வந்தது.

"பரவாயில்ல. வீட்ல போய் மெதுவா படிச்சுக்கோ" என்றாள்.

யேரோ தாளை அவளிடமே நீட்டினான். "நீ வேற ஆளப் பாத்துக்கோ. நான் பொதோருக்கே திரும்பிப் போறேன்."

"எப்போ?"

"அடுத்த வெள்ளிக்கிழமை. சித்தப்பா டிரைவர்கிட்ட இடம் சொல்லிட்டாரு."

"ஏன், என்ன ஆச்சு? இங்க யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலையே!"

"ஆமா. யாரும் ஒண்ணும் சொல்லல" என்றான் யேரோ. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞிலானுக்கு முதலில் தன் கணினிதான் நினைவுக்கு வந்தது. ஜோடி போனால் பெட்டியும் போகும். இப்படிச் சுயநலமாக நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டாள். பிறகு மறுபடியும் கணினியே நினைவுக்கு வந்தது. அவன் ஏன் போகிறான் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. எல்லாரும் எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள்!

திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளி வாசலில் ரொட்டி வாங்க நின்றாள். திபோர் அக்கா நீள ரொட்டியைக் கீறி, உள்ளே பயறு மசாலாவை வைத்துக் கொடுப்பார். வரிசையில் ஞிலானுக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி யேரோ நின்றான். அவன் இவளைப் பார்க்கவில்லை.

"புது முகமா இருக்கே. எந்த வீட்டுப் பேரு நீ?" என்று கேட்டார் அக்கா.

"கான்."

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டார். "கானா? ஐயையோ! எல்லாரும் அவங்கவங்க ரொட்டியக் கெட்டியா பிடிச்சுக்கோங்க!"

யேரோ நிமிர்ந்தான். "அக்கா, நீங்க எந்த வீடு?"

"தியூஃப். அசல் செரேர்."

"அப்போ எனக்கு வெறும் ரொட்டி போதும். பயற நீங்க சமைக்கும்போதே தின்னு முடிச்சிருப்பீங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஞிலான் வாயைப் பிளந்தாள். அவன் குரல் இவ்வளவு பெரியதா?

"நான் தின்னா பயறுதான் போகும். நீ தின்னா சட்டியும் சேந்து போகும்" என்றார் அக்கா.

"சட்டி எதுக்கு உங்களுக்கு? செரேர்காரங்களுக்குக் கையே போதுமே. என்ன, கழுவினா நல்லாருக்கும்."

"வாயப் பாரு வாய! இந்தா, இன்னொரு கரண்டி. இதப் போட்டாவது அந்த வாய அடை."

யேரோ சிரித்துக்கொண்டே ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினான். ஞிலானைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "வணக்கம்" என்றான், விருந்தாளி மாதிரி.

"வணக்கம்" என்றாள் ஞிலானும். அந்த வார்த்தை அவள் வாயிலேயே கசந்தது. அவனை விருந்தாளியாக்கியது யார்? இரண்டு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்நியர்களிடம் பேசுவது போல் மரியாதையாகப் பேசியது யார்? தபால்காரர் ஒரே ஒரு நாள் திட்டாமல் போனதற்கே அப்பா பதறிப்போனார். இவனை இருபது பேர் சேர்ந்து இத்தனை நாள் திட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

"உனக்கு எத்தன ரொட்டி?" என்று அக்கா மூன்று முறை கேட்ட பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை யேரோவின் சித்தப்பா கடைக்குப் போய், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்து முன்னால நில்லு. இல்லாட்டி என் இடம் போயிடும்" என்று யேரோவிடம் கேட்டாள்.

"நிக்கிறேன். பேச மாட்டேன்" என்றான்.

"நின்னா போதும்" என்றாள் ஞிலான்.

புதன்கிழமை எட்டு ஜோடிகள் எப்படியோ பேசி முடித்தார்கள். ஒன்பதாவதாக வந்த இரட்டையர் அசானும் உசைனுவும் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். உசைனு படித்திருப்பான் என்று அசான் நினைத்தான். அசான் படித்திருப்பான் என்று உசைனு நினைத்தான். இருவரும் சேர்ந்து ஆறு வாக்கியங்களோடு போய் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக ஞிலானும் யேரோவும் வந்தார்கள். மணி அடிக்க எட்டு நிமிடம் இருந்தது.

ஞிலான் தன் ஐந்து வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். மூன்றாம் எண் பெட்டிதான் எல்லாவற்றிலும் வேகமானது. ஐந்தாம் எண்ணின் விசிறி ஆறாம் எண்ணின் விசிறியை விட அதிகம் சத்தம் போடும். இப்படியாக முடித்துவிட்டு யேரோவைப் பார்த்தாள்.

யேரோ தாளைப் பார்த்தபடியே நின்றான்.

"அவசரமில்ல, யேரோ" என்றார் சார்.

ஒரு நிமிடம் போனது. அறையில் எல்லாரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். சார் பெருமூச்சு விட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஞிலான் தன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள்:

"ஏழாம் எண் மெதுவானது. ஆனால் கான் குடும்பத்தார் ஏழாம் எண்ணை விட மெதுவானவர்கள்."

அறையில் பத்தொன்பது தலைகள் நிமிர்ந்தன. "தண்ணி சுமக்கப் போறா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சாரின் பேனா அப்படியே நின்றது.

"ஐந்தாம் எண் சத்தம் போடும். சாப்பிடும்போது கான் குடும்பத்தார் அதைவிட அதிகம் சத்தம் போடுவார்கள்."

யேரோ தாளைக் கீழே இறக்கினான். நிஜமாகத்தான் சொல்கிறாளா என்பது போல அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஞிலான் புருவத்தைத் தூக்கினாள்.

ஒரு செரேர் பெண் இத்தனை பேர் முன்னால் வாரிவிட்டு, ஒரு கான் வாய் திறக்காமல் நிற்பதா? அப்படி ஒரு விஷயம் பொதோரில் தெரிந்தால் தலைகாட்ட முடியுமா?

"ஃபாய்..." என்றான் யேரோ. தொண்டையைச் செருமினான். "ஃபாய் குடும்பத்தாரின் வயிறு மூன்றாம் எண்ணின் நினைவகத்தை விடப் பெரியது."

உசைனு மேசையைத் தட்டினான்.

"கான் குடும்பத்தாரின் தலை இரண்டாம் எண்ணின் திரையை விடச் சிறியது" என்றாள் ஞிலான்.

"இந்த அறையிலேயே மிகப் பழையது ஏழாம் எண். ஃபாய் பெண்களின் கிண்டல் அதைவிடப் பழையது!"

"கான் பையன்கள் எட்டாம் எண்ணை விடச் சோம்பேறிகள். எட்டாம் எண் தட்டினால் எழுந்துவிடும்!"

"ஃபாய் பெண்களின் வாய்..." யேரோ ஒரு கணம் சொல் தேடினான். "மோர் பிக்கர்! ஒன்பது பெட்டிகளையும் விட!"

'மோர்' வேண்டாம் என்று திருத்த சார் வாயைத் திறந்தார். "சார், அப்புறம் சார்!" என்று நான்கைந்து பேர் கத்தினார்கள். சார் வாயை மூடிக்கொண்டார். இருவரும் மாறி மாறி வாரிக்கொண்டே போனார்கள். அவர் பேனா மட்டும் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருந்தது.

ஞிலான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் அரை நிமிடம் இருந்தது. ஒரு வாக்கியத்தை அவள் கடைசிக்கென்று வைத்திருந்தாள். சொல்லலாமா என்று பயமாக இருந்தது. தப்பாகப் போனால் அவன் வெள்ளிக்கிழமை வரைகூட இருக்க மாட்டான். ஆனாலும் சொன்னாள்.

"உலகத்திலேயே மிக வேகமாகக் கணினியை அணைப்பவர் யேரோ கான். ஒரே இழுப்பில் பத்துப் பெட்டிகள்."

மூன்று வாரமாக யாரும் வாயில் எடுக்காத பேச்சு அது. உசைனு மேசையைத் தட்டத் தூக்கிய கையை அப்படியே நிறுத்தினான்.

யேரோ அவளையே பார்த்தான். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அறையே சேர்ந்து சிரித்தது. யேரோ ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்ல மறுகையைத் தூக்கினான்.

மணி அடித்தது.

"சார், இருங்க சார்! நான் இன்னும் பதில் சொல்லல!"

"மணி அடிச்சாச்சு."

"ஒரே ஒரு வாக்கியம் சார்!"

"அடுத்த புதன்கிழமை சொல்லு" என்றார் சார்.

"அநியாயம் சார் இது!" என்று யேரோ கத்தினான். ஞிலான் ஒன்றும் தெரியாதவள் போல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போனதும் சார் இருவரையும் நிறுத்தினார்.

"ஞிலான், சட்டம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அவன் கான் சார். நான் ஃபாய்."

தியாத்தா சார் தெற்கேயிருந்து வந்தவர், ஜோலாக்காரர். ஜோலாக்காரர்களுக்கும் செரேர்காரர்களுக்கும் இதே போல வாரிவிடும் உரிமை உண்டு. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கே இது தோணியிருக்கணும். செரேர்காரங்க ஓட்டை இல்லாத சட்டத்துலயும் ஓட்டை போட்டுடுவீங்க."

"ஜோலாக்காரங்க ஓட்டையோடயேதான சார் சட்டம் போடுவீங்க" என்றாள் ஞிலான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். "பத்து வாக்கியம் கேட்டேன். இருபத்து மூணு வந்திருக்கு. ஒண்ணு மட்டும் தப்பு. உங்க பெட்டி உங்களுக்கே. அட்டை அசானுக்கும் உசைனுவுக்கும். ஆனா சட்டம்னு ஒண்ணு போட்டா போட்டதுதான். நாளையிலருந்து ஒரு வாரம் ரெண்டு பேரும் தோட்டத்துக்குத் தண்ணி."

"நான் என்ன சார் பண்ணேன்? என்னைக் கிண்டல் பண்ணக் கூடாதுன்னுதான சட்டம்?" என்றான் யேரோ.

"இருக்கலாம். ஆனா தனியா போனா இவ யாரைத் திட்டுவா?"

பள்ளி வாசலில் யேரோவின் சித்தப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. யேரோ ஓடிப்போய், மூச்சு வாங்க நின்றான்.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை நான் போகல."

"என்னடா இது? நேத்து வரைக்கும் போறேன் போறேன்னு என் உயிர வாங்கினியே!"

"இப்போ முடியாது சித்தப்பா. ஒரு பொண்ணுக்குப் பதில் சொல்லணும். அவதான் கடைசியா பேசினா."

"எந்தப் பொண்ணு?"

யேரோ கையை நீட்டினான். சித்தப்பா ஞிலானை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"ஃபாய்" என்றாள் ஞிலான்.

"ஃபாயா! அப்போ மணி அடிக்கிற நேரம் பாத்துத்தான் பேசியிருப்பே." சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். "ஏறுடா. டிரைவர்கிட்ட இடம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போவோம். இது ஒரு புதன்கிழமையில தீர்ற விஷயமில்ல."

யேரோ பின்னால் ஏறி உட்கார்ந்தான். சைக்கிள் கிளம்பும் முன்பே நோட்டை முழங்காலில் விரித்து, எழுத ஆரம்பித்துவிட்டான்.